அடிக்குரல்
(நெருளில் நடைபெற்ற ஆண்டு விழாவில் இசைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





ஆண்டுதோறும் இம்மேடையில் இசையைப் பற்றிப் பேச எழுந்தவர்கள் யாழின் பெருமையைப் பேசியிருக்கிறார்கள். வீணையைப் பற்றியும் நாகசுரத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். இன்று நாங்கள் எடுத்துக்கொண்டது பேஸ் கிட்டார் என்னும் மேனாட்டு வாத்தியம். இதைக் கேட்டதும் முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதை நாங்கள் காணாமல் இல்லை. தமிழ்ச் சங்கத்தின் விழாவில் இதற்கென்ன இடம் என்று அவர்கள் எண்ணக்கூடும். அந்த வினாவுக்கு விடை சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு செயற்குழுவில் அதே வினாவை எழுப்பியவர்கள் நாங்களேதாம்.

நடந்ததை மறைக்காமல் கூறிவிடுகிறோம். நம் காலனியில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் ஒரு பழைய பேஸ் கிட்டாரை விலைக்கு வாங்கினான். இரண்டு ஆண்டுகளாகப் பண்டிகைதோறும் கையில் கிடைத்த பணத்தையும், சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பெற்றதையும் சேர்த்து வாங்கிய வாத்தியம் அது. அவன் தந்தையார் துர்பேயிலுள்ள தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவர், பகலில் உறங்கவேண்டியவர். வீடோ ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்டது. ஆகவே அவன் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சங்கத்தின் கூடம் பூட்டித்தானே கிடக்கிறது, இரண்டு மணி நேரம் எனக்கும் என் நண்பர்களுக்கும் தரலாகாதா என்று நல்ல தமிழில் கேட்டிருந்தான். தமிழ் வளர்க்கும் கூடத்தில் ராக் இசைக்கு இடமில்லை என்று நாங்கள் தீர்மானித்தோம். கை தூக்கியவர்களில் இங்கே பேசும் நாங்களும் இருந்தோம்.

அதன் பின்னர் நடந்ததை உரையின் முடிவில் சொல்கிறோம். அதற்குமுன், நாம் வேண்டாமென்று தள்ளிய அந்த வாத்தியத்தின் கதையைச் சற்றே கேட்டருள வேண்டுகிறோம். தள்ளிய பிறகே அதை நாங்கள் கற்கத் தொடங்கினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். சாதாரணக் கிட்டாரின் கீழ்த்தந்திகள் நான்கும் எந்தச் சுரங்களில் நிற்கின்றனவோ, அதே சுரங்களில் ஒரு ஸ்தாயி கீழே இவை நிற்கும். மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது. அத்தகைய ஒலியைக் காது கேட்பதற்கு முன்பே நெஞ்சு உணர்ந்துவிடுகிறது. நம் கச்சேரியில் தம்பூரா சுருதியை ஓரிடத்தில் நிறுத்திக் காக்கிறது. மிருதங்கம் காலத்தைக் காக்கிறது. பேஸ் கிட்டார் இவ்விரண்டு வேலைகளையும் ஒருங்கே தாங்கி, பாட்டின் அடியில் நடந்துகொண்டே இருக்கிறது. பாடகரின் குரலைப் பாராட்டிக்கொண்டு வீடு செல்கின்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கேட்டதாகவே நினைப்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்குவதை அந்த ஒன்பது பேரும் உணர்வார்கள்.

இது நமக்கு அயலானது என்றும் சொல்வதற்கில்லை. 1976ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்பாடல்களின் அடியில் ஓடும் பேஸ் கிட்டாருக்குத் தனியே ஒரு மெட்டு உண்டு. சசிதரன் போன்ற கலைஞர்கள் அதை வாசித்தார்கள். 1992இல் 'ரோஜா' கொண்டுவந்த ஏ.ஆர். ரகுமானின் இசைக்குப் பல ஆண்டுகள் அடித்தளமாக நின்றவர் சென்னையின் கீத் பீட்டர்ஸ். நாம் அன்று சிறிய வானொலிப் பெட்டியில் கேட்டதால் அடிக்குரல் நம் செவிக்கு வந்து சேரவில்லை. இன்று நம் பிள்ளைகள் செவியில் கருவி பொருத்திக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது தெளிவாகக் கேட்கிறது. தந்தையர் கேட்ட பாட்டும் மைந்தர் கேட்கும் பாட்டும் ஒன்றேதான். அதில் நமக்குக் கேளாத ஒரு பகுதி அவர்களுக்குக் கேட்கிறது.

இனி, ஒரு கலைஞர் தம் வாழ்நாளில் கையாண்ட பேஸ் கிட்டார்களின் வரலாற்றைச் சொல்கிறோம். அவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. உலகப் புகழ் பெற்றவர் என்பதால் அவரைத் தேர்ந்தோம் அல்லோம். அவர் கையிலிருந்த வாத்தியங்களின் கதை குடிபெயர்ந்தோரின் கதையாக இருப்பதால் தேர்ந்தோம்.

முதலில் அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் மெக்கார்ட்னி அல்லர். ஸ்டூவர்ட் சட்கிளிஃப் என்னும் ஓவியர். தம் ஓவியம் ஒன்று விற்ற பணத்தைக் கொண்டு அவர் ஹோஃப்னர் நிறுவனத்தின் பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினார். பிழைப்புக்காக அந்த இளைஞர்கள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகருக்குச் சென்று, இரவு விடுதிகளில் விடிய விடிய வாசித்தார்கள். 1961இல் சட்கிளிஃப் ஓவியம் கற்க அந்நகரிலேயே தங்கிவிட்டார். மறு ஆண்டே, இளவயதிலேயே, மாண்டும் போனார். அவர் விட்ட இடத்தை நிரப்ப எவரும் முன்வரவில்லை. பேஸ் என்பது பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவனுக்கு உரியது என்பது அக்காலத்து எண்ணம். வேறு வழியின்றி மெக்கார்ட்னி அதை ஏற்றார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். நண்பரின் வாத்தியத்தை இரவல் வாங்கி வாசித்தபோது, தந்திகளை மாற்றிக் கட்டும் உரிமையும் அவருக்கு இல்லை. தலைகீழாகப் பிடித்தே வாசித்தார்.

பின்னர் ஹாம்பர்க் கடையொன்றில் அவர் தமக்கென ஒரு வாத்தியத்தை வாங்கினார். அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பேஸ் கிட்டார்தான் அந்நாளில் பெயர் பெற்றது. அதன் விலையோ நூறு பவுனை ஒட்டியிருந்தது. மெக்கார்ட்னி வாங்கியது ஏறத்தாழ முப்பது பவுன் விலையுள்ள ஹோஃப்னர். வயலின் வடிவில் அமைந்தது, உள்ளே குடைவானது, தோளுக்குச் சுமையில்லாதது. வயலினுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், இடக்கையர் பிடித்தாலும் அது கோணலாகத் தோன்றவில்லை. கைப்பணம் குறைவு என்னும் காரணமும் இடக்கை என்னும் காரணமும் சேர்ந்து ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தன. உலகம் பின்னாளில் அவரை அந்த வாத்தியத்தைக் கொண்டே அடையாளம் கண்டுகொண்டது.

அன்பர்களே, பேஸ் கிட்டார் ஒன்று வயலின் வடிவில் ஏன் அமைந்தது என்று கேட்டால், இங்கே கூடியிருக்கும் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி வெளிப்படுகிறது. கார்ல் ஹோஃப்னர் 1887இல் தம் தொழிலைத் தொடங்கிய ஊர் ஷோன்பாக்; அது இன்று செக் நாட்டில் லூபி என வழங்குகிறது. ஊர் முழுவதும் வயலின் செய்வோர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானிய மொழியினரில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டையும் பட்டறையையும் விட்டு, எடுத்துச் செல்லக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு வந்தார்கள். அங்கே புபன்ராய்த் என்னும் சிற்றூர் 1949இல் அவர்களைத் தன்னிடம் குடியமர்த்திக்கொள்ளத் தீர்மானித்தது. வந்தவர்களின் தொகை ஊராரின் தொகையை மிஞ்சும் என்று தெரிந்தே அச்சிற்றூர் அத்தீர்மானத்தைச் செய்தது. அவ்வாறு குடியேறியவர்களின் காலனியில்தான் வால்டர் ஹோஃப்னர் 1955இல் அந்த வாத்தியத்தை வடிவமைத்தார். வயலின் செய்யத் தெரிந்த கைகள் புதிய காலம் கேட்ட பேஸ் கிட்டாரையும் தமக்குத் தெரிந்த வயலின் வடிவிலேயே செய்துகொடுத்தன.

அதே 1955ஆம் ஆண்டை ஒட்டி நம் தஞ்சைத் தரணியிலும் ஒன்று நிகழ்ந்தது. நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை, உச்சத்தில் ஒலிக்கும் திமிரி நாயனத்தை விட்டு, தாழ்ந்த சுருதியில் கம்பீரமாக ஒலிக்கும் பாரி நாயனத்தை நாடினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் துளைகளின் அளவைத் திருத்தி அமைத்து, அவர் விரும்பிய நாகசுரத்தை உருவாக்கித் தந்தார். அந்த நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள். சுருதியை இறக்கியதால் நாகசுரத்தின் பெருமை இறங்கவில்லை. காவிரிக் கரையிலும் சரி, ஜெர்மானியச் சிற்றூரிலும் சரி, கலைஞன் அடிக்குரலைத் தேடிச் சென்றபோது அவனுக்குத் துணை நின்றவன் மரத்தை அறிந்த தொழிலாளியே.

மெக்கார்ட்னியின் வாத்தியங்களுக்குத் திரும்புவோம். 1963இல் அவருக்கு இரண்டாவது ஹோஃப்னர் வந்தது. 1964 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அக்குழு தோன்றியபோது அவர் கையில் இருந்தது இதுவே. முதல் வாத்தியத்தை அவர் எறிந்துவிடவில்லை. செப்பனிட்டு வண்ணம் பூசி, துணை வாத்தியமாக வைத்துக்கொண்டார். 1966இல் அக்குழு நடத்திய கடைசிக் கச்சேரிச் சுற்றின் பாட்டுப் பட்டியல், 1963ஆம் ஆண்டு ஹோஃப்னரின் விளிம்பில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்துவருகிறது.

1965இல் ரிக்கன்பேக்கர் என்னும் அமெரிக்க நிறுவனம் இடக்கையருக்கென்றே செய்த பேஸ் கிட்டார் ஒன்றை அவருக்கு அளித்தது. குடைவில்லாத கனத்த மரம், நீண்ட தந்தி, துலக்கமான ஒலி. அவ்வகை பேஸை 1957இல் வடிவமைத்த ரோஜர் ரோஸ்மைஸ்லும் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரே! இந்த வாத்தியம் வந்தபின் அவருடைய வாசிப்பே மாறிற்று. 1967ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளில், மற்றவர்கள் வாசித்து முடித்த பிறகு, கடைசியாகத் தனித்திருந்து பேஸைப் பதிவு செய்யும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அடித்தளம் இடுவதுபோல் இது தோன்றும். ஆனால், மேலே என்ன எழும்பியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதைத் தாங்கும் வகையை அவர் தேடினார் என்பதே உண்மை. அவ்வாண்டின் மோகத்தில் அந்த ரிக்கன்பேக்கருக்குப் பலவண்ணம் பூசினார். பின்னர் அவ்வண்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்து வெறும் மரமாக்கினார். இளமையில் பூசுவதும் முதுமையில் சுரண்டுவதும் வாத்தியத்துக்கு மட்டும் உரியன அல்ல!

1970களில் விங்ஸ் என்னும் குழுவிலும் அந்த ரிக்கன்பேக்கரே அவருக்குத் துணை நின்றது. 1980களின் பிற்பகுதியில் ஐந்து தந்திகள் கொண்ட புதுவகை வாத்தியத்தையும் கையாண்டார். அந்நாளில் உடன் பாட்டெழுதிய எல்விஸ் காஸ்டெல்லோ என்னும் கலைஞர், பழைய ஹோஃப்னரை மீண்டும் எடுத்தால் என்ன என்று தூண்டினார். 1989இன் இசைத்தட்டில் அந்த ஹோஃப்னர் மீண்டும் ஒலித்தது. மிக விலையுயர்ந்தது எதையும் வாங்கக்கூடிய செல்வரான பிறகும் அவர் கை எளிய வாத்தியத்தையே நாடியது.

ஆனால் முப்பது பவுனுக்கு வாங்கிய அந்த முதல் வாத்தியம் என்னவாயிற்று? 1972 அக்டோபர் 10ஆம் நாள் இலண்டனில் நிறுத்தி வைத்திருந்த வண்டியொன்றிலிருந்து அது களவு போயிற்று. ஆண்டுகள் உருண்டன. பின்னர், ஹோஃப்னர் நிறுவனத்தைச் சார்ந்த ஒருவரும் பத்திரிகைத் துறையினர் இருவரும் அதைத் தேடப் புறப்பட்டார்கள். யாரையும் குற்றம் சாட்டப்போவதில்லை, வாத்தியம் கிடைத்தால் போதும் என்று 2023இல் உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். அதைக் கண்டு பழைய நினைவுகளைப் பலர் எழுதினார்கள். இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஒரு வீட்டுப் பரணில் அது கிடந்தது. 51 ஆண்டுகளுக்குப் பின் உரியவரிடம் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் இச்செய்தியை அறிவித்தார்கள். சிதைவுகளைச் செப்பனிட்ட பிறகு, 2024 டிசம்பர் 19 அன்று இலண்டன் மேடையில், எண்பத்திரண்டு வயதில், அதே வாத்தியத்தை அவர் மீண்டும் வாசித்தார்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று எண்ணவேண்டாம். நம் நெருளின் டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் 2019 டிசம்பர் 15 அன்று அயர்லாந்து நாட்டு யூ2 குழு வந்து பாடியது. 1976இல் டப்ளின் நகரப் பள்ளியொன்றின் அறிவிப்புப் பலகையில் ஒரு மாணவன் ஒட்டிய சிறு காகிதத்தைக் கண்டு கூடிய பிள்ளைகளின் குழு அது. அதில் பேஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டன் அன்றும் உடனிருந்தார், இன்றும் உடனிருக்கிறார். பள்ளி இடம் கொடுத்தது, பிள்ளைகள் பழகினார்கள். நெருள் கச்சேரியில் ஏ.ஆர். ரகுமான் தம் மகள்களோடு அக்குழுவுடன் மேடையேறி, 'அஹிம்சா' என்னும் பாட்டைப் பாடினார். அப்பாட்டில் தமிழ் அடிகளும் உண்டு. தமிழையும் ராக் இசையையும் ஒன்றாக வைக்கலாகாது என்று நாங்கள் தீர்மானம் எழுதிய கூடத்துக்குச் சிறிது தொலைவிலேயே, எங்கள் தீர்மானத்துக்கு முன்பே, அவ்விரண்டும் ஒரே மேடையில் நின்றுவிட்டன! 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே குழு மூன்று நாள் அங்கே பாடியபோது நம் வீட்டுச் சாளரங்களில் வந்து மோதியதும் பேஸ் கிட்டாரின் அடிக்குரலே.

நாம் யார்? தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் முன்னோர் முதலில் ஊன்றினார்கள். 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றி, கடற்கழிக்கு அப்பால் புதிய நகரம் எழுந்தபோது, அவர்களின் பிள்ளைகள் நெருளுக்கு வந்தார்கள். பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இந்நகரத்தின் அடிக்குரலாக இருந்து வருகிறார்கள். அவர்களும் பெயர் தெரியாமலேயே பாட்டைத் தாங்குகின்றவர்கள். வந்தவர்களுக்கு இடம் கொடுத்த புபன்ராய்த் ஊர் தாழ்ந்துபோகவில்லை. உலகம் அறிந்த வாத்தியத்தைப் பெற்றது. நாமும் ஒருகால் இடம் கேட்டு நின்றவர்கள். நம் பிள்ளை இடம் கேட்டபோது அதை மறந்துவிட்டோம்.

நாங்கள் மறுத்த மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை தன் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டான். நெருள் இரயில் நிலையத்தின் படிக்கட்டில் அவன் தாயாரைக் கண்டபோது, "அவன் ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. விற்ற பணத்தை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டான்" என்றார். நாங்கள் விடையின்றி நின்றோம். அப்பிள்ளை படிப்பில் குறை வைக்கவில்லை. இப்போது பொறியியல் பயில்கிறான். ஆனால் சங்கத்தின் வாசலை அவன் அதன்பின் மிதிக்கவில்லை.

இவ்வாண்டு செயற்குழு தன் தீர்மானத்தைத் திருத்திக்கொண்டது. ஞாயிறுதோறும் பிற்பகல் நான்கு மணி முதல் ஆறு மணி வரை கூடம் இளைஞர்களின் இசைப் பயிற்சிக்குத் திறந்திருக்கும். பண்ணிசை பயில்வோரும் வரலாம்; ராக் இசை பயில்வோரும் வரலாம். இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தாழ்ந்த ஒலி சுவரையும் கடந்து அயல்வீட்டுக்குச் செல்வது. அங்கே உறங்குகிற உழைப்பாளியையும் நோயாளியையும் நினைந்து வாசியுங்கள். அடிக்குரலின் அழகு அடங்கி ஒலிப்பதிலே இருக்கிறது.

முடிவாக ஓர் அறிவிப்பு. விற்றுப்போன அந்த வாத்தியம் கருநீல நிறமுடையது. கீழ் மூலையில் வண்ணம் பெயர்ந்திருக்கும். பின்புறத்தில் 'அ' என்னும் எழுத்தைச் சிறிதாகக் கீறியிருப்பான். இந்நகரில் எவர் கையில் இருந்தாலும் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். வாங்கிய விலையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ள, அன்று கை தூக்கிய நாங்கள் எங்களுக்குள் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். அதை வாங்கியவர் மகிழ்ந்து வாசித்துக்கொண்டிருப்பாராயின், அவரிடமிருந்து பிரிக்க மாட்டோம். அப்பணத்தில் வேறொன்று வாங்குவோம். எதுவாயினும், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாங்களே சென்று கதவைத் தட்டுவோம். ஐம்பத்தோர் ஆண்டு காத்திருக்க எங்களுக்கு வயதில்லை.